நஞ்சின் அளவும் அளப்போர் நோக்கும்

2002 ஆம் ஆண்டு பிரான்சின் வடகோடியிலுள்ள டன்கேர்க் துறைமுகத்தில் ஒன்றரைத் தொன் வற்றாளங்கிழங்கு கைப்பற்றப்பட்டது. கரிபியன் கடலிற் பிரான்சின் ஆட்சிக்குட்பட்ட மாத்தினிக் தீவிலிருந்து வந்த கிழங்கு அது. கள்ளத்தனமாகக் கடத்தப்பட்ட பொருளன்று. அதனைச் சோதித்த ஆய்வுகூடத்தார் குளோர்டெக்கோன் என்னும் பீடைநாசினி அதனுட் செறிந்திருக்கக் கண்டனர். கிழங்கு முழுவதும் அழிக்கப்பட்டது. அதன் பின்னரே பிரெஞ்சுப் பத்திரிகைகள் மாத்தினிக் தீவின் மண்ணைப் பற்றி உரத்துப் பேசத் தலைப்பட்டன.

அதே கிழங்கை அதே மண்ணிலிருந்து தோண்டியெடுத்து, மாத்தினிக் மக்கள் முப்பது ஆண்டுகளாக அவித்து உண்டு வந்தனர். அவர்களின் அடுப்பங்கரையில் எந்தச் சுங்க அதிகாரியும் குறுக்கிடவில்லை. கடல் கடந்து மற்றொருவர் வாயை நெருங்கும் வேளையிலேதான் கிழங்கு நஞ்சாயிற்று. நஞ்சு என்பது பொருளின் குணமா, அல்லது அப்பொருளை அளப்பவருக்கும் உண்பவருக்கும் இடையேயுள்ள உறவா என்று தத்துவ மாணவன் ஒருவன் கேட்கக்கூடும். விளையாட்டாகத் தோன்றும் இவ்வினாவினுள்ளே கடுமையான நீதிப் பிரச்சினையொன்று பொதிந்து கிடக்கிறது. அதனை நியாயமாக விசாரிக்க வேண்டுமாயின், உணவிற் படிந்த நஞ்செச்சத்தை அளக்கும் இரசாயனக் கலை எவ்வாறு வளர்ந்தது என்பதை ஓரளவேனும் அறிந்திருத்தல் அவசியம். விஞ்ஞானத்தை அறியாமலே அதன்மீது தீர்ப்பு வழங்கும் வழக்கம் நம்மவரிடையே மிகுந்துவிட்டது. அதற்கு நாமும் துணைபோகலாகாது.

தொடக்கத்தில் அளக்கப்பட்டது ஆசனிக்கு. 1836 இல் மார்ஷ் என்னும் ஆங்கில இரசாயனர், ஆசனிக்கு கலந்த பொருளை ஐதரசன் வாயுவாற் பிரித்தெடுத்துச் சூடாக்கினால் கண்ணாடிக் குழாயிற் கரிய பளபளப்பான படிவு தோன்றும் எனக் காட்டினார். கொலை வழக்குகளுக்கே முதலிற் பயன்பட்ட அம்முறை, நூற்றாண்டின் இறுதியில் உணவுச் சோதனைக்கும் வந்து சேர்ந்தது. 1900 இல் மான்செஸ்டர்ப் பகுதியிற் பியர் அருந்தியோர் ஆயிரக்கணக்கில் நோயுற்றனர், பலர் மாண்டனர். பியருக்கெனச் செய்த சீனியில், தூய்மையற்ற கந்தகவமிலத்தின் வழியே ஆசனிக்கு புகுந்திருந்தது. கெல்வின் பிரபுவின் தலைமையில் அமைந்த ஆணைக்குழு 1903 இல், ஓர் இறாத்தல் உணவில் ஒரு கிறெயினின் நூறிலொரு பங்குக்கு மேல் ஆசனிக்கு இருத்தல் தகாது என வரையறுத்தது. ஏறக்குறைய 450 கிராம் உணவில் முக்கால் மில்லிகிராமுக்கும் குறைவு.

அந்த நூறிலொரு பங்கின் பிற்கால வரலாறே நமக்குப் பாடமாகத்தக்கது. 1925 இல் இலண்டனில் அமெரிக்க அப்பிள் தின்ற சிலர் நோயுற்றனர். அக்காலத்து அமெரிக்கப் பழத்தோட்டங்களில் ஈய ஆசனேற்றைத் தெளித்தல் பெருவழக்கு. பிரித்தானிய அரசு தனது எல்லையைச் சுட்டி, அதனை மீறிய பழத்துக்குத் துறைமுகம் அடைக்கப்படும் என எச்சரித்தது. அமெரிக்க வேளாண்மைத் திணைக்களம் என் செய்தது? ஏற்றுமதிப் பழம் நூறிலொரு பங்குக்குள் அடங்குமாறு பார்த்துக்கொண்டது. உள்நாட்டுச் சந்தைக்கோ 1927 இல் அதனிலும் இரண்டரை மடங்கான எல்லையை வகுத்தது. அதனை ஆண்டுதோறும் சிறிது சிறிதாகக் குறைத்து, 1932 இலேதான் இரண்டையும் ஒன்றாக்கியது. அந்த உள்நாட்டு எண் நீண்ட காலம் பொதுமக்களுக்கு வெளியிடப்படவும் இல்லை. வாஷிங்டன் மாநிலத்துத் தோட்டக்காரரின் குழந்தைக்கும் இலண்டன் குழந்தைக்கும் ஈரல் ஒன்றே, ஆசனிக்கும் ஒன்றே. வேறுபட்டது வாங்குவோரின் வலிமை.

ஆசனிக்கின் இடத்தைப் பின்னர் டி.டி.ரி. பிடித்தது. அது பூச்சிகளைக் கொல்லும் ஆற்றலைச் சுவிற்சலாந்தில் போல் முல்லர் 1939 இற் கண்டறிந்தார்; 1948 இல் நோபல் பரிசும் பெற்றார். இப்புதிய நஞ்சுகள் காபன், ஐதரசன், குளோரீன் அணுக்களாலான மூலக்கூறுகள். உணவே காபன் சேர்வைகளாலானது. ஆகவே உணவினுள் இவற்றைத் தேடுதல் வைக்கோற்போரில் ஒரு குறிப்பிட்ட வைக்கோலைத் தேடுவதை ஒக்கும். 1945 இல் அமெரிக்க வேளாண் இரசாயனர்களான ஷெக்ரர், ஹாலர் ஆகியோரும் உடனுழைத்தோரும் ஒரு வழி கண்டனர். டி.டி.ரி.யை நைத்திரேற்றி, அதனுடன் சோடியம் மெதொக்சைட்டைச் சேர்த்தால் அழகிய நீல நிறம் தோன்றும். நீலத்தின் ஆழம் நஞ்சின் அளவு. கண்ணாற் காணத்தக்க, பள்ளி மாணவருக்கும் விளக்கத்தக்க சோதனை அது.

கண்ணுக்குப் புலப்படாத நிலைக்கு இக்கலை சென்றது வேறொரு வழியினாலாகும். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், வார்சோ நகரிற் பணியாற்றிய உருசிய தாவரவியலாளர் மிகாயில் த்ஸ்வெற், இலைச் சாற்றைச் சுண்ணாம்புத் தூள் நிரப்பிய குழாயினூடே வடியவிட்டார். பச்சையும் மஞ்சளுமான சாயங்கள் வெவ்வேறு வேகத்தில் இறங்கி, தனித்தனி வளையங்களாகப் பிரிந்து நின்றன. நிறத்தை எழுதுதல் எனப் பொருள்படும் குரோமற்றோகிராபி என்ற பெயரை அதற்கு அவர் இட்டார். (த்ஸ்வெற் என்ற உருசியச் சொல்லுக்கே நிறம் என்பது பொருள், தம் பெயரையே முறைக்கும் வைத்துவிட்டாரோ என்று நகைப்போரும் உண்டு.) 1952 இல் இங்கிலாந்தில் ஜேம்ஸ், மாட்டின் என்போர், ஆவியாகும் பொருள்களை வாயுவின் ஓட்டத்திலேயே இவ்வாறு பிரிக்கும் முறையை அமைத்தனர். குழாயின் மறுமுனையில் வெளிவருவதை உணரத்தக்க கருவி தேவைப்பட்டது. 1957 இல் இலண்டனை அடுத்த மில்ஹில்லிலுள்ள மருத்துவ ஆராய்ச்சி நிலையத்தில் ஜேம்ஸ் லவ்லொக் அதனை ஆக்கினார்.

அக்கருவியின் தத்துவம் எளிது. சிறு கதிரியக்கத் தகட்டினால் ஓர் அறையினுள் இலத்திரன்கள் தோன்றி, மெல்லிய மின்னோட்டம் இடையறாது பாய்கிறது. குளோரீன் அணுக்களைத் தாங்கிய மூலக்கூறு அவ்வறைக்குள் வந்ததும் அது இலத்திரன்களைக் கவ்விக்கொள்கிறது, மின்னோட்டம் தாழ்கிறது. அத்தாழ்வை அளந்தால் நஞ்சை அளந்ததாகும். ஒரு கிராமைக் கோடி பங்காக்கி, அதிலொரு பங்கை மீண்டும் இலட்சம் பங்காக்கினால் வரும் துணுக்கு எவ்வளவோ, அத்தகைய அளவுகளை அது நெருங்கிற்று. 1962 இல் றேச்சல் கார்சன் எழுதிய ‘மௌன வசந்தம்’ உலகை உலுக்கியதென்றால், அந்நூல் கையாண்ட சான்றுகளிற் பல எச்சப் பகுப்பாய்வின் பேறுகளே. பயிரோ பூச்சியோ இல்லாத அந்தாட்டிக்காவின் பெங்குவின்களின் உடலிலும் டி.டி.ரி. உள்ளதென 1966 இல் அறிவிக்கப்பட்டது.

இன்று வழங்கும் முறை 2003 இல் அனஸ்தாசியாடெஸ், லெஹோற்றே ஆகியோரும் துணைவரும் வெளியிட்டது. அரைத்த மரக்கறியைச் சிறு குழாயிலிட்டு, அசற்றோநைத்திரைல் என்னும் கரைப்பானையும் மகனீசியம் சல்பேற்று, கறியுப்பு ஆகியவற்றையும் சேர்த்துக் குலுக்கினால், உப்புக்கள் நீரைப் பற்றிக்கொள்ள நஞ்சு கரைப்பானிற் சேர்ந்து மேலே நிற்கும். முன்னர் ஒரு நாள் முழுவதும் வேண்டிய வேலை சில நிமிடங்களில் முடிகிறது. விரைவு, எளிமை, மலிவு முதலான ஆங்கிலச் சொற்களின் எழுத்துக்களைக் கோத்தே அம்முறைக்குப் பெயரும் வைத்தனர். அதன்பின் திணிவு நிறமாலைமானி என்னும் விலையுயர்ந்த பொறி, ஒரே ஓட்டத்தில் நூற்றுக்கணக்கான நஞ்சுகளைத் தேடுகிறது. ஐரோப்பிய ஒன்றியம் தனி எல்லை வகுக்காத பீடைநாசினிகளுக்கெல்லாம் கிலோகிராமொன்றுக்கு 0.01 மில்லிகிராம் என்ற பொது எல்லையை வைத்துள்ளது. நூறு தொன் நெல்லில் ஒரு கிராம் என்று எண்ணிப் பார்த்தால் அதன் நுண்மை விளங்கும். கெல்வின் ஆணைக்குழுவின் நூறிலொரு பங்கைக் காட்டிலும் அது ஏறக்குறைய நூற்று நாற்பது மடங்கு நுண்ணியது.

மனித அறிவின் பெருமைக்குரிய சாதனை இது என்பதில் ஐயமில்லை. ஆனால், இவ்வளவு நுண்ணிய கருவி இருந்தும் மாத்தினிக் தீவில் முப்பது ஆண்டுகள் கழிந்தமை எவ்வாறு? விடையின் ஒரு பகுதி, பகுப்பாய்வு அறிக்கைகளில் அடிக்கடி காணப்படும் ‘கண்டறியப்படவில்லை’ என்ற சொற்றொடரில் அடங்கியுள்ளது.

அச்சொற்றொடரைப் படிக்கும் பாமரர், நஞ்சு இல்லை என விளங்கிக்கொள்கிறார். இரசாயனரோ, கருவியின் எல்லைக்குக் கீழே இருக்கலாம் என்றே அதனாற் கருதுகிறார். இவ்விரண்டுக்குமுள்ள வேறுபாடு சட்டமியற்றுவோரையும் தடுமாற வைத்ததுண்டு. 1958 இல் அமெரிக்கப் பேரவை இயற்றிய சட்டத்தின் டிலேனி வாசகம், புற்றுநோயை உண்டாக்கும் பொருள் எதுவும் உணவிற் சேர்க்கப்படலாகாது என்றது, பூச்சியமே எல்லை. அன்றைய பூச்சியம் அன்றைய கருவியின் பூச்சியம். கருவி கூர்மையடைய, நேற்றுத் தூயதாயிருந்த அதே உணவு இன்று குற்றமுள்ளதாயிற்று. உணவில் ஒரு மாற்றமும் நிகழவில்லை. 1996 இற் பீடைநாசினி எச்சங்களை அவ்வாசகத்திலிருந்து விலக்கியபோது, விஞ்ஞானத்துக்குச் சட்டம் பணிந்தது என்றனர் சிலர். வர்த்தகத்துக்குப் பணிந்தது என்றனர் வேறு சிலர். இருசாராரிடத்தும் ஓரளவு உண்மை உண்டு. அணுவளவு கண்டதையெல்லாம் கேடு என்று அலறுவதும் பகுத்தறிவாகாது.

அச்சொற்றொடருக்கு மூன்றாவது பொருளொன்றும் உண்டு. கண்டறியப்படவில்லை, ஏனெனில் தேடப்படவில்லை. பொறி நூற்றுக்கணக்கான நஞ்சுகளைக் காணும் என்றேன். பட்டியலிற் சேர்த்த நஞ்சுகளையே காணும் என்று திருத்திக் கூறுதல் பொருந்தும். பட்டியலை எழுதுவது பொறியன்று. எந்தப் பொருளிலிருந்து மாதிரி எடுக்க வேண்டும், எந்த நஞ்சைத் தேட வேண்டும், எத்துணை அளவை மிகை எனக் கொள்ளவேண்டும் என்ற மூன்றும், குழாயைக் குலுக்குமுன் மனிதர் செய்யும் முடிவுகள். எல்லைகள் பிறக்கும் விதத்தை நோக்கினும் இஃது தெளிவாகும். எலியிடத்தே தீங்கு விளைக்காத அளவைக் கண்டு, அதனை நூறாற் பிரித்து, மனிதன் நாள்தோறும் உண்ணத்தகும் அளவு என்பர். விலங்குக்கும் மனிதனுக்குமுள்ள வேறுபாட்டுக்குப் பத்து, மனிதருக்கும் மனிதருக்குமுள்ள வேறுபாட்டுக்குப் பத்து. 1950களில் வழக்கிற்கு வந்த அந்த நூறு எந்தச் சோதனைக் குழாயிலும் விளைந்ததன்று. அறிவுள்ளோர் கூடி நியாயமெனக் கொண்டது. நல்ல நோக்குடன் கொண்டது என்றே நானும் நம்புகிறேன். ஆனால் அக்கணக்கின் நடுவே நிற்கும் மனிதனைப் பாருங்கள். அறுபது கிலோகிராம் நிறையுள்ள, மேசையில் அமர்ந்து உண்ணும் மனிதன். அவன் வாங்குபவன். விளைவித்தவன் அக்கணக்கினுள் இல்லை.

பீடைநாசினியைப் பதிவு செய்யும்போது தெளிப்போருக்கென வேறு கணிப்புகள் உண்டு என்று மறுமொழி கூறப்படும். உண்மையே. ஆனால் கணிப்பு வேறு, அளவீடு வேறு. கையுறையும் அங்கியும் அணிந்த ஓர் உழைப்பாளியைக் கற்பித்துக்கொண்டு செய்யும் கணிப்பு, வெயிலில் அவற்றைக் கழற்றி வைத்தவனின் குருதியைப் பற்றி எதுவும் சொல்லாது. பொஸ்பரஸ் சேர்ந்த பீடைநாசினிகள், நரம்புகளின் தொழிலுக்கு இன்றியமையாத கொலினெசுத்தரேசு என்னும் நொதியத்தை முடக்குவன. ஒரு துளி குருதியில் அதனை அளந்துவிடலாம். அவற்றை ஒழுங்காகக் கையாளும் தொழிலாளருக்கு அச்சோதனையைக் கலிபோர்னியா 1974 முதற் கட்டாயமாக்கியது. நொதியம் குறித்த அளவுக்குக் கீழே தாழ்ந்தால் அவரை அவ்வேலையிலிருந்து விலக்குதல் வேண்டும். செய்ய முடியாத காரியம் அன்று என்பதற்கு இதுவே சான்று. உலகின் எத்தனை தோட்டங்களில் இது நடைபெறுகிறது என்பது வேறு விடயம்.

இனி மாத்தினிக்குக்கு வருவோம். அங்கும் அயல் தீவான குவாதலூப்பிலும் வாழையே பெருந்தோட்டப் பயிர். பெரிய தோட்டங்கள் பெரும்பாலும் அடிமைகளை ஆண்டோரின் வழித்தோன்றல்களிடமும், உழைப்பு அடிமைகளின் வழித்தோன்றல்களிடமும் உள்ளன. வாழைக் கிழங்கைத் துளைக்கும் கூன்வண்டை ஒழிக்க வந்தது குளோர்டெக்கோன். பத்துக் காபன் அணுக்கள் கூடுபோற் பிணைந்து, பத்துக் குளோரீன் அணுக்களைச் சுமக்கும் அந்த மூலக்கூற்றை மண்ணின் நுண்ணுயிர்கள் எளிதில் உடைக்க மாட்டா. 1960களின் இறுதியிற் பிரெஞ்சு நிபுணர் குழு அதனை மறுத்தது. 1972 இல் அரசு தற்காலிக அனுமதி வழங்கிற்று. நூற்றுக்கு ஐந்து பங்கு நஞ்சு கலந்த தூளை, மரமொன்றின் அடிக்கு முப்பது கிராம் வீதம் தூவ வேண்டும். தூவியவருட் பெண்கள் பலர். வாளியைச் சுமந்து கையாலேயே அள்ளித் தூவினோம் என்று அவர்கள் பின்னாளிற் சாட்சி கூறியுள்ளனர்.

1974 சனவரியிலும் பெப்புரவரியிலும் வாழைத் தோட்டத் தொழிலாளர் வேலை நிறுத்தம் செய்தனர். கூலி உயர்வோடு, நச்சுப் பொருள்களின் பாவனையை நிறுத்த வேண்டுமென்பதும் அவர்களின் கோரிக்கைகளுள் ஒன்று. அந்நஞ்சின் வணிகப் பெயரையே அவர்கள் அறிந்திருந்தனர். பெப்புரவரி 14 அன்று பாஸ்-புவான்ற் பகுதியிலுள்ள சால்வே என்னுமிடத்தில் பொலிசார் சுட்டனர். ஒரு தொழிலாளி இறந்தார். அடுத்த ஓரிரு நாளில் ஓர் இளைஞனின் உடல் கடற்கரையிற் கிடந்தது. கூலி ஓரளவு உயர்ந்தது. தூள் நிற்கவில்லை.

அடுத்த ஆண்டே அதே நஞ்சைச் செய்த தொழிற்சாலையொன்றில், அமெரிக்காவின் வேர்ஜீனியா மாநிலத்து ஹோப்வெல்லில், தொழிலாளரின் கைகள் நடுங்கின. கண்கள் நிலைகுத்தாமல் ஆடின. அங்கும் மாதக்கணக்காக எவரும் பொருட்படுத்தவில்லை. இறுதியில் மருத்துவரொருவர் ஒருவரின் குருதியை அற்லாந்தாவிலுள்ள நடுவண் அரசின் நோய்த்தடுப்பு நிலையத்துக்கு அனுப்பினார். நஞ்சு அதிற் பத்து இலட்சத்துக்கு ஏழரைப் பங்கு இருந்தது. 1975 யூலையில் தொழிற்சாலை மூடப்பட்டது. அவ்வாண்டு முடியுமுன் ஜேம்ஸ் ஆற்றில் மீன்பிடித்தல் தடைசெய்யப்பட்டது. 1978 இல், கொலெஸ்திரமைன் என்னும் பிசினை உட்கொண்டால் நஞ்சு உடலைவிட்டு விரைவாக நீங்கும் என மருத்துவர் காட்டினர். ஒரு துளி குருதியை அளந்தமையாலே இத்தனையும் நடந்தேறின. மாத்தினிக்கிலோ, அமெரிக்கா கைவிட்ட அதே நஞ்சுக்கு 1981 இற் புதுப் பெயரில் அனுமதி புதுப்பிக்கப்பட்டது. பிரான்சு 1990 இல் அதனைத் தடைசெய்த பின்னும், வாழைத் தோட்டங்களுக்கென விதிவிலக்கு அளித்து 1993 வரை தூவ இடமளித்தது.

மாத்தினிக்கில் எவரும் அளக்கவேயில்லை என்று கூறினால் அது நியாயமாகாது. பிரெஞ்சு வேளாண்மை ஆராய்ச்சி நிலையத்தார் 1977 இலும் 1980 இலும் மண்ணிலும் உயிரினங்களிலும் அதனைக் கண்டு எழுதினர். அறிக்கைகள் அலமாரியில் துயின்றன. குடிநீரில் ஒழுங்காகத் தேடியது 1999 இலேதான், தேடியதும் கண்டனர்.

இவ்விடத்தில் இரசாயனம் நமக்கு ஒரு விந்தையான உண்மையைக் கூறுகிறது. குளோர்டெக்கோன் மண்ணோடு இறுகப் பற்றிக்கொள்வது. தண்டின் வழியே மேலேறுவது மிக அரிது. ஆகவே மாத்தினிக்கின் வாழைப்பழம் பெரும்பாலும் தூயது. பாரிசிலும் இலண்டனிலும் அதனைச் சோதித்த ஆய்வுகூடம் பொய் கூறவில்லை. பழத்தில் நஞ்சு இல்லை. நஞ்சு மண்ணில் நின்றது. மண்ணோடு உரசி வளரும் வற்றாளை, சேம்பு, இராசவள்ளி முதலிய ஏழைகளின் உணவில் ஏறியது. மழையோடு ஓடி ஆற்று இறாலிலும் கரையோர மீனிலும் புகுந்தது. பண்டம் தூயதாகக் கப்பலேற, பண்டத்தை ஆக்கியவர் வீட்டிலே தங்கிற்று நஞ்சு. பண்டத்தை மட்டும் அளக்கும் முறைக்கு இது புலப்படாது. எவ்வளவு கூர்மையான பொறியானாலும் புலப்படாது. உழைப்பின் விளைபொருளை உழைப்பவரிலிருந்து பிரித்துப் பார்க்கும் பழக்கம் பொருளியலில் மட்டும் உள்ளதென எண்ணியிருந்தோருக்கு, ஆய்வுகூடத்தின் மாதிரிப் பையிலும் அது அமர்ந்திருப்பதை இத்தீவு காட்டுகிறது.

2013–14 இற் குருதியை அளந்தபோது, இரு தீவுகளிலும் வளர்ந்தோரில் நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு மேற்பட்டோரின் உடலில் அந்நஞ்சு காணப்பட்டது. அதன் அளவு மிகுந்த ஆண்களிடையே முன்னிற்குஞ் சுரப்பியின் புற்றுநோய் மிகுதி என 2010 இல் குவாதலூப் ஆய்வொன்று கண்டிருந்தது. மண்ணில் அது ஒன்று முதல் ஏழு நூற்றாண்டு வரை நிற்கும் என 2009 இல் ஒரு கணிப்பு வந்தது. அண்மைய ஆய்வாளர் சிலர் அதனிலும் விரைவாக மறையும் என்பர்.

இவையெல்லாம் தூரதேசத்துச் செய்தி என ஒதுக்க நமக்கு உரிமையில்லை. இலங்கை அரசு 2015 இல், வடமத்திய மாகாண நெல் விவசாயிகளை வாட்டும் சிறுநீரக நோயைச் சுட்டி, கிளைபொசேற்று என்னும் களைநாசினியைத் தடைசெய்தது. நோய்க்கு அதுவே காரணம் என நிறுவப்பட்டிருக்கவில்லை என்பதையும் கூறியாக வேண்டும். தேயிலைத் தோட்டங்கள் எம்.சி.பி.ஏ. என்ற வேறொரு களைநாசினியை நாடின. யப்பானிய எல்லையான பத்து இலட்சத்துக்கு 0.01 பங்கை அது தேயிலையில் மீறியபோது பெருங் கலக்கம் எழுந்தது. 2018 இற் தேயிலைக்கும் இறப்பருக்கும் கிளைபொசேற்று மீண்டும் அனுமதிக்கப்பட்டது. இச்சர்ச்சை நெடுகிலும் அளக்கப்பட்டதும் அஞ்சப்பட்டதும் கொழுந்து. மலைச்சரிவில் முதுகிற் தாங்கியைச் சுமந்து அதனைத் தெளித்தவரின் உடலில் என்ன இருந்தது என்ற வினா ஏலச் சந்தைக்கு வராத வினா. யப்பானிய நுகர்வோரை நாம் குறைகூறவில்லை. தம் தேநீரை அளந்து கேட்கும் உரிமை அவர்களுக்கு உண்டு. அவ்வுரிமை தேநீரை ஆக்கியோருக்கு இல்லாமற் போனதேன் என்பதே கேள்வி.

இடதுசாரி நண்பர் சிலர் இதனைக் கேட்டதும், அப்படியாயின் கருவிகளும் எண்களும் ஆளும் வர்க்கத்தின் தந்திரமே எனத் தீர்ப்பெழுதிவிடுவர். அதனோடு நான் உடன்படேன். தொழிலாளரின் உடலே முதற் கருவி என்பதை 1974 காட்டிற்று என்றால், அவ்வுடல் காணமாட்டாதவையும் உள என்பதைப் பின்வந்த ஆண்டுகள் காட்டின. கிழங்கிலுள்ள நஞ்சுக்குச் சுவையில்லை. இருபது ஆண்டு கழித்து வரும் புற்றுநோய் இன்று நடுக்கம் தராது. இலத்திரனைக் கவ்வும் அந்தக் கருவி இல்லாமற் போயிருந்தால் மாத்தினிக் மக்களிடம் ஐயம் மட்டுமே எஞ்சியிருக்கும்; ஐயத்தை நீதிமன்றம் ஏற்பதில்லை. கருவியை உடைப்பதால் ஆகப்போவதொன்றுமில்லை. மாதிரி எடுக்கும் பட்டியலை எழுதும் மேசையில் தோட்டத் தொழிற்சங்கத்துக்கும் ஓர் இருக்கை வேண்டும் என்று கேட்பது, கூலி கேட்பதைப் போன்றே நியாயமான கோரிக்கை. பரிசோதனைச் சாலையிற் பணிபுரியும் நம் பட்டதாரிகளும், தாம் நிரப்பும் படிவத்தில் எந்தக் கட்டம் அச்சிடப்படாமல் விடப்பட்டிருக்கிறது என்று ஒருமுறை நோக்குவது நன்று.

2023 சனவரியிற் பாரிஸ் விசாரணை நீதிபதிகள் குளோர்டெக்கோன் வழக்கை மேற்கொண்டு நடத்த இடமில்லை என முடித்தனர். சுகாதாரக் கேடு நிகழ்ந்ததை அவர்கள் மறுக்கவில்லை. ஆண்டுகள் பல கடந்தமையால் குற்றத்தை நிறுவுதல் அரிது என்றும், அந்நஞ்சைப் பற்றிய விஞ்ஞான அறிவு அக்காலத்திற் போதியதாக இல்லை என்றும் காரணங் காட்டினர். அறிவு போதாமை அளவாமையின் பிள்ளை. அளக்கும் பொறுப்புடையோர் அளக்காது விட்டதன் பயனை, பின்னர் அவர்களே தம் காப்பாகக் கொண்டனர். 2025 மார்ச்சில் அங்குள்ள நிருவாக மேன்முறையீட்டு நீதிமன்றம் அரசின் தவறை ஏற்று, நஞ்சுக்கு அஞ்சி வாழ்வோருக்கு இழப்பீடு உண்டு எனத் தீர்த்தது. ஆயினும் வழக்கிட்ட ஆயிரத்துக்கு மேற்பட்டோருள், தாம் நஞ்சுக்கு ஆட்பட்டமைக்குப் போதிய சான்று காட்டியவராகக் கொள்ளப்பட்ட மிகச் சிலருக்கே அது கிட்டியது.

பிரெஞ்சு அரசு 2021 டிசெம்பரில் முன்னிற்குஞ் சுரப்பியின் புற்றுநோயைப் பீடைநாசினியால் வரும் தொழில் நோயாக ஏற்றுக்கொண்டது. தூளைக் கையால் அள்ளித் தூவிய பெண்களுக்கு அந்த அட்டவணையாற் பயனில்லை. அச்சுரப்பி அவர்களுக்கு இல்லை. குருதியிற் குளோர்டெக்கோனை அளக்கும் சோதனை இப்போது அத்தீவுகளில் இலவசமாகச் செய்யப்படுகிறது. குருதிநீர் இலீற்றரொன்றுக்கு 0.4 மைக்குரோகிராமுக்கு மேற்பட்டால் கவனிக்க வேண்டும் என்பது விதி. 1972 இல் வாளி சுமந்த பெண்களுள் உயிரோடிருப்போர் இன்று எழுபதையும் எண்பதையும் எட்டியவர்கள்.